ஆலோசகரை அழைத்தால் அங்கீகாரம் உறுதியா?

அமெரிக்காவில் குடும்ப மருத்துவ ரெசிடென்சிகளுக்கு, அதாவது மருத்துவப் பட்டம் முடித்தவர்களுக்கான பயிற்சித் திட்டங்களுக்கு, அங்கீகாரம் தருவது ஏசிஜிஎம்இ (ACGME) என்ற அமைப்பு. அதற்குத் தயாராக உதவ வெளியிலிருந்து வரும் ஆலோசகர்களுக்கு அந்த முடிவில் எந்தப் பங்கும் கிடையாது. அவர்கள் சொன்னதைக் கேட்டு ரெசிடென்சியில் என்ன மாறியது என்பதே கணக்கில் வரும். இதை மறப்பதால்தான் பல தவறுகள் நடக்கின்றன.

முதலாவது, பிந்தி அழைப்பது. எச்சரிக்கையுடன் கூடிய அங்கீகாரம் என்ற கடிதம் வந்த பிறகுதான் பலருக்கு ஆலோசகர் நினைவே வருகிறது. ஏசிஜிஎம்இ இப்போது ஆண்டுதோறும் தகவல் திரட்டுகிறது: ரெசிடென்ட்கள் (பயிற்சி மருத்துவர்கள்) சர்வே, ஆசிரியர்கள் சர்வே, போர்டு தேர்வில் (துறைச் சான்றிதழ்த் தேர்வில்) தேர்ச்சி விகிதம் என்று. ஏசிஜிஎம்இ-யின் நேரடி ஆய்வுக்குச் சில வாரம் முன்பு வருபவரால் போன வருட சர்வேயை மாற்ற முடியுமா? எல்லாம் சரியாகப் போகும் வருடத்தில் அழைப்பதுதான் உருப்படியான வழி.

அவரிடம் குறைகளை மறைப்பது அதைவிட விசித்திரம். காசு கொடுத்து வரவழைத்துவிட்டு, கோப்புகளை அழகாக அடுக்கிக் காட்டி, ரெசிடென்சியை நடத்தும் திட்ட இயக்குநரும் கூடவே உட்கார்ந்துகொண்டால் ரெசிடென்ட்கள் எதைச் சொல்வார்கள்? வாரம் 80 மணி நேர வரம்பை மீறுவது, கிளினிக்கில் கண்காணிக்க ஆசிரியர் இல்லாதது போன்றவை தனியாகப் பேசும்போதுதான் வெளிவரும். அவை தெரிந்ததும் 'சர்வேயில் இப்படிப் பதில் எழுதுங்கள்' என்று ரெசிடென்ட்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நேர்மையற்றது. ஆபத்தும்கூட.

அப்புறம், மருத்துவமனை நிர்வாகத்தைக் கூட்டத்துக்கு அழைக்காமல் விடுவது. ஆசிரியர்களுக்குக் கற்பிக்க ஒதுக்கும் நேரம், கிளினிக் ஊழியர் எண்ணிக்கை எல்லாம் பண விவகாரம். திட்ட இயக்குநர் தலையாட்டினால் மட்டும் அவை நடக்காது. பணம் ஒதுக்கும் அதிகாரி ஆலோசகர் வாயாலேயே கேட்டால் பல வருடம் நகராத கோப்பும் நகரலாம்.

ஆலோசகரின் அறிக்கை வந்ததும் அதை ரெசிடென்சியின் திட்ட மதிப்பீட்டுக் குழுவின் முன் வைத்து, எதை யார் எப்போது முடிப்பது என்று எழுதிவைக்க வேண்டும். ஏசிஜிஎம்இ ஏற்கெனவே சுட்டிக்காட்டிய குறைகளுக்கான பதிலை ஆலோசகரையே எழுதச் சொல்லிவிடுகிறார்கள் சிலர். சரிபார்க்கச் சொல்லலாம், எழுதுவது நீங்களாக இருக்கட்டும். நேரடி ஆய்வில் கேள்வி கேட்கும்போது அவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

ஆலோசகர் புது விதிகளை அறிந்தவரா என்றும் பாருங்கள். குடும்ப மருத்துவ விதிகள் 2023-இல் பெரிதும் மாறின. ஒவ்வொரு ரெசிடென்டும் கிளினிக்கில் 1,650 நோயாளி சந்திப்புகளை முடிக்க வேண்டும் என்ற பழைய எண்ணிக்கை போய், 1,000 மணி நேரம் என்ற அளவு வந்துவிட்டது. இன்னும் 1,650-ஐ எண்ணிக்கொண்டிருப்பவர் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.