வயர்லெஸ் ரூம் தெர்மோஸ்டாட்டை வீட்டு பாய்லரில் இணைப்பது எப்படி?

ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் அனுப்பி அறைகளைச் சூடாக்கும் பாய்லரைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். வயர்லெஸ் என்று பெயர்தான், வயர் வேலை இல்லாமல் இல்லை. பெட்டிக்குள் இரண்டு பாகங்கள் இருக்கும். அறையின் சூட்டை அளக்க அங்கே வைக்கிற தெர்மோஸ்டாட் ஒன்று. இது பேட்டரியில் ஓடும். இன்னொன்று ரிசீவர். இவை இரண்டும்தான் ஒன்றோடொன்று ரேடியோ அலையில் பேசிக்கொள்ளும். ரிசீவருக்கும் பாய்லருக்கும் நடுவே வயர் இழுத்தே ஆக வேண்டும்.

ரிசீவருக்குள் இருப்பது ஒரு ரிலே, அதாவது தானாகப் போட்டு அணைக்கும் சுவிட்ச். அறை குளிர்ந்தால் சுவிட்ச் மூடும், அதாவது உள்ளே இரண்டு முனைகளும் இணையும், பாய்லர் எரியும். வேண்டிய சூடு வந்ததும் திறக்கும், அதாவது முனைகள் பிரியும், பாய்லர் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் வயரிங் படம் பயமுறுத்தாது.

முதலில் பாய்லர் கையேடு

ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் கையேட்டில் வயரிங் பக்கத்தைத் தேடுங்கள். ரூம் தெர்மோஸ்டாட்டுக்கென்று இரண்டு டெர்மினல்கள், அதாவது வயர் மாட்டும் முனைகள், காட்டியிருக்கும். பெரும்பாலான பாய்லர்களில் அவற்றை ஒரு குட்டி வயர் இணைத்திருக்கும். அதுதான் லிங்க். தெர்மோஸ்டாட் இல்லாமலும் பாய்லர் ஓடட்டும் என்று தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்புவது. நாம் செய்யப்போவது இதுதான்: அந்த லிங்க்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ரிலேயை உட்கார வைப்பது.

அந்த டெர்மினல்களில் என்ன வோல்டேஜ் என்பதையும் பாருங்கள். சில பாய்லர்களில் 230 வோல்ட், சிலவற்றில் 24 வோல்ட் அல்லது அதைவிடக் குறைவு. குறைந்த வோல்டேஜ் டெர்மினலில் 230 வோல்ட் ஏறினால் பாய்லரின் சர்க்யூட் போர்டு அதோடு போச்சு. அதனால் காம் (COM, பொது முனை), என்ஓ (NO, ரிலே ஓய்வில் இருக்கும்போது காமோடு சேராத முனை), என்சி (NC, ஓய்வில் காமோடு சேர்ந்திருக்கும் முனை) என மூன்று டெர்மினல்களும் தனியாக உள்ள ரிசீவரையே வாங்குங்கள். ரிலே வெறும் சுவிட்சாக மட்டும் இருப்பதால் இந்த இரண்டு வகை பாய்லர்களுக்கும் அது ஒத்துவரும். ஓப்பன்தெர்ம் (OpenTherm) என்று எழுதிய டெர்மினல்கள் வேறு சங்கதி, அவை வெறும் சுவிட்சுக்கல்ல, தெர்மோஸ்டாட்டும் பாய்லரும் தகவல் பரிமாறிக்கொள்வதற்கு. அதற்கேற்ற ரிசீவர் இருந்தால் மட்டுமே அவற்றைத் தொட வேண்டும்.

தண்ணீர்க் குழாயில் மோட்டார் வால்வு வைத்த வீடாக இருந்தால், ரிசீவரின் வயர் பாய்லருக்குப் போகாமல் வால்வு இணைப்புப் பெட்டிக்குப் போகும். அந்த அமைப்பு இந்தப் பதிவில் வராது.

மின்சாரத்தை நிறுத்துதல்

பாய்லருக்கு வரும் மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு முனை வோல்டேஜ் டெஸ்டரால் சோதியுங்கள். கரண்ட் இருக்கிற வேறொரு இடத்தில் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பாய்லரில் சோதித்த பிறகு மறுபடியும் அதே இடத்தில் பார்க்க வேண்டும். நியான் விளக்கு வைத்த ஸ்க்ரூடிரைவரை நம்பி வயரில் கை வைக்காதீர்கள்.

கேஸ் பாய்லர் என்றால் இன்னொன்று. மின் இணைப்புப் பெட்டியைத் திறக்க, பாய்லருக்குள் தீ எரியும் பகுதியை மூடியிருக்கும் உறையையும் கழற்ற வேண்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியனின் வேலை. பல நாடுகளில் சட்டமும் அப்படித்தான்.

வயரிங்

ரிசீவரின் எல் (L) டெர்மினலுக்கு ஃபேஸ், என் (N) டெர்மினலுக்கு நியூட்ரல். பாய்லருக்கு மின்சாரம் வரும் அதே சுவிட்சிலிருந்து இதற்கும் எடுங்கள். ஒரே சுவிட்சை அணைத்தால் இரண்டும் அணைய வேண்டும்.

அடுத்து, லிங்க்கைக் கழற்றி, அது இருந்த இரண்டு டெர்மினல்களில் ஒன்றிலிருந்து காமுக்கும் மற்றதிலிருந்து என்ஓவுக்கும் வயர் கொடுங்கள். எது எதற்கு என்ற கவலை வேண்டாம், சுவிட்சுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். என்சி காலியாகவே இருக்கட்டும்.

சில ரிசீவர்களில் எல் டெர்மினலையும் காம் டெர்மினலையும் இணைத்து ஒரு துண்டு வயர் வரும். நாம் சொன்ன முறையில் அது இருக்கவே கூடாது. எடுத்துவிடுங்கள்.

வயரின் தோலை டெர்மினலுக்குள் போகிற அளவுக்கு மட்டும் உரியுங்கள். செம்பு வெளியே தெரியக் கூடாது. ஸ்க்ரூவை முறுக்கியதும் ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வருகிற வயர் அப்போதே வந்துவிடும். டெர்மினல் குறைந்த வோல்டேஜ் என்றால் அந்த இரண்டு வயர்களையும் மெயின் வயரோடு சேர்க்காமல் தனி கேபிளில் கொண்டுபோங்கள்.

எங்கே மாட்டுவது?

ரிசீவர் பாய்லரின் உலோக உறையிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும், உலோகம் சிக்னலைத் தடுக்கும். தெர்மோஸ்டாட் தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில், வெயிலும் வாசல் காற்றும் படாத உள்சுவரில். அந்த அறை ரேடியேட்டரில் தானியங்கி வால்வு இருந்தால் முழுதாகத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் வால்வு ஒரு பக்கம் சூட்டை மூடும், தெர்மோஸ்டாட் இன்னொரு பக்கம் சூடு கேட்டுக்கொண்டே இருக்கும்.

சோதனை

எல்லா மூடிகளையும் மாட்டிய பிறகே மின்சாரம் கொடுங்கள். இரண்டு பாகங்களும் ஒன்றையொன்று அறியாவிட்டால், கையேட்டில் சொன்ன பட்டனை அழுத்தி இணையுங்கள். பாய்லரில் சொந்த டைமர் இருந்தால் எப்போதும் ஆன் என்று வைத்துவிடுங்கள்.

இப்போது தெர்மோஸ்டாட்டில் அறையின் வெப்பநிலையைவிட 5 டிகிரி கூட்டுங்கள். ரிசீவரில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பாய்லர் எரிய ஓரிரு நிமிடம் ஆகலாம், சரி. குறைத்ததும் மறுபடி ஒரு 'டக்', தீ அணையும். பம்ப் மட்டும் சில நிமிடம் ஓடினால் அது கோளாறு இல்லை.

குறைத்தும் அணையவில்லையா? லிங்க் இன்னும் உள்ளேயே இருக்கிறது. குறைத்தால் எரிந்து, கூட்டினால் அணைகிறதா? என்ஓவுக்குப் பதில் என்சியில் மாட்டியிருக்கிறீர்கள். சத்தம் கேட்டும் எரியவில்லை என்றால், பாய்லர் கோடைக்கால நிலையில், வெறும் வெந்நீருக்கு மட்டும் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரி தீர்ந்து சிக்னல் நின்றுபோனால் பல மாடல்களில் ரிலே தானாகத் திறந்து பாய்லரை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் கையால் இயக்க பல ரிசீவர்களில் ஒரு பட்டன் இருக்கும். அது எது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.