நற்பணிக்காகக் கேரம் போட்டி நடத்துகிறீர்களா? பணம் கரைந்துபோகும் இடங்கள்

கோல்ஃப் போட்டி நடத்தி நன்கொடை திரட்டுவது பெரிய நிறுவனங்களுக்குக் கைவந்த வழி. சென்னையில் அதற்கென்றே மைதானங்கள் இருக்கின்றன. வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் அந்த இடத்தில் இருப்பது கேரம். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். இங்கே ஓர் ஏழை மாணவியின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கேரம் போட்டி என்று அறிவித்தால், ஆட வருபவர்களுக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் கோப்பைகளைக் கொடுத்து, பந்தலைப் பிரித்து, கணக்குப் பார்க்கும்போது அந்த மாணவிக்கென்று மிஞ்சுவது பல இடங்களில் மிகச் சொற்பம். உழைப்பு குறைவதால் இப்படி ஆவதில்லை. கணக்கைத் தொடங்கும் இடத்திலேயே தவறு நேர்கிறது.

நுழைவுக் கட்டணத்தில் நன்கொடை சேர்ந்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. 64 பேர் ஆளுக்கு 300 ரூபாய் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 19,200 ரூபாய் வரும். முதல் பரிசு 10,000, இரண்டாம் பரிசு 5,000, அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் தலா 2,500 என்று சுவரொட்டியில் போட்டால், பரிசுக்கே 20,000 போய்விடும். மண்டப வாடகை, விளக்கு, நடுவர்களுக்கான படி, போர்டில் தூவும் பவுடர், மதியச் சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். அதாவது, வரும் நன்கொடையிலிருந்து எடுத்துத்தான் போட்டியையே நடத்த வேண்டியிருக்கும். மாணவிக்கென்று நம்பிக் கொடுத்த பணம் பிரியாணியாகப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே பணத்தை இரண்டு பைகளில் வைக்க வேண்டும். ஆடுபவர்கள் கட்டுவது ஆட்டச் செலவுக்கு. பரிசும் சாப்பாடும் அதற்குள் அடங்கட்டும், அடங்காவிட்டால் பரிசைக் குறையுங்கள். கேடயமும் ஒரு நல்ல ஸ்ட்ரைக்கரும் போதும். நன்கொடையாளர் கொடுப்பதில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் நற்பணிக்குப் போகட்டும். 'நீங்கள் கொடுப்பது முழுவதும் அந்தப் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கே போகும்' என்று கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் அவர் கொடுக்கும் தொகையே மாறும்.

கோல்ஃப்காரர்களிடம் இங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டும். அவர்கள் மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிறுவனத்திடம் பணம் வாங்கி, அதன் பெயரைப் பலகையில் எழுதி அங்கே நடுவார்கள். அந்த வழியில் கணிசமான தொகை வரும். நமக்கு எட்டு கேரம் போர்டுகள் இருந்தால் எட்டு புரவலர்கள்: எம்.சி. ரோடு ஜவுளிக்கடை, மின்ட் தெரு மொத்த வியாபாரி, ராயபுரம் மருந்துக்கடை. பெயரை மேலே தொங்கும் விளக்கின் மூடியிலோ போர்டின் பக்கத்திலோ எழுதுங்கள். ஆடும் பரப்பில் ஸ்டிக்கர் ஒட்டிவிடாதீர்கள். காய் அதில் தட்டித் திரும்பினால் அன்றைய சண்டைக்கு அதுவே போதும்.

போர்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்து மதிப்பிடுவது அடுத்த தவறு. 64 பேர் ஆடும் நாக் அவுட்டில் மொத்தம் 63 ஆட்டங்கள். நான்கே போர்டுகள் என்றால் 17 சுற்றுகளாக ஆட வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு 45 நிமிடம் என்று வைத்தாலும் பன்னிரண்டே முக்கால் மணி நேரம்! காலை ஒன்பதுக்குத் தொடங்கினால், இடைவேளையே விடாமல் ஆடினாலும், இறுதி ஆட்டம் முடிய இரவு ஒன்பதே முக்கால் ஆகிவிடும்; சாப்பாட்டு இடைவேளை விட்டால் பத்தைத் தாண்டும். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. பரிசளிப்பு நேரத்தில் புரவலர்களும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். எட்டு போர்டுகள் என்றால் பத்துச் சுற்றில் முடியும். விதிப்படி 25 புள்ளி அல்லது எட்டு 'போர்டு' கொண்டது ஒரு கேம் (காய்களை ஒருமுறை அடுக்கி ஆடி முடிப்பதையும் 'போர்டு' என்றே சொல்வார்கள்). ஓர் ஆட்டத்தை வெல்ல மூன்று கேம்களில் இரண்டை வெல்ல வேண்டும். 64 பேரும் 32 பேரும் ஆடும் முதல் இரண்டு கட்டங்களின் ஆட்டங்களை ஒரே கேமாக வைத்தால் நேரம் இன்னும் மிச்சமாகும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்த மாதத்தில் நடத்துவது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. கோடை விடுமுறையில் ஆட ஆள் கிடைப்பார்கள் என்று மே மாதத்தில் வைக்கிறார்கள். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகு போகாவிட்டால் ஐஸ் வியாபாரம் முதல் டீக்கடை வரை எல்லாமே படுத்துவிடும். அந்த நேரத்தில் துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் ரசீதுப் புத்தகத்தை நீட்டுவது அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். பொங்கல் முடிந்து தை, மாசியில் நடத்திப் பணத்தை வங்கியில் போட்டு வைத்தால் ஜூனில் கட்டணம் கட்டும் நேரத்துக்குத் தயாராக இருக்கும்.

நூறு ரூபாய்க்குக் கூப்பன் விற்று, குலுக்கலில் ஸ்கூட்டர் தருகிறோம் என்று சிலர் ஆசை காட்டுகிறார்கள். வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. நல்ல காரியத்துக்கு என்று சொன்னாலும் சட்டம் விலக்குத் தராது. நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை ('80ஜி' என்பார்கள்) கிடைக்கும் என்று வாய்க்கு வந்தபடி சொல்வதும் ஆபத்து. அதற்கெனப் பதிவு பெற்ற அறக்கட்டளை போன்ற அமைப்புதான் ரசீது தர முடியும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது. நுழைவுக் கட்டணம் நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினரிடம் போட்டி நடத்தும் மன்றத்துக்குப் பணம் வாங்குவதற்கும் மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும்.

ரசீதுப் புத்தகங்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை யாரிடம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திரும்பி வரும்போது அடிக்கட்டைகளை எண்ணிப் பாருங்கள். கிழித்த தாளுக்குப் பணம், கிழிக்காத தாள் அப்படியே. ஒரு புத்தகம் வராவிட்டாலும் ஊர் வாய் மூடாது. அந்தப் பேச்சு, நேர்மையாக அலைந்து வசூலித்தவரையும் சேர்த்தே சுடும். செயலாளரின் சொந்த எண்ணுக்குக் கூகுள் பேயில் பணம் வாங்குவதும் இதே வம்புதான். மன்றத்தின் பெயரில் கணக்குத் தொடங்கி, அதன் க்யூஆர் அட்டையை வையுங்கள்.

மேடையில் மைக்கைப் பிடித்து 'என் சார்பில் பத்தாயிரம்' என்று அறிவிப்பவர்களின் தொகையைக் கைக்கு வரும்வரை வரவில் எழுதாதீர்கள். அதை நம்பிச் செலவு செய்துவிட்டு மாதக்கணக்கில் வீட்டு வாசலில் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது ஒன்று. உதவி பெறும் பெண்ணை மேடையேற்றி, பெரிய அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்து, எல்லாரும் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படம் அவள் வகுப்புத் தோழிகளின் கைப்பேசிக்கு அன்றிரவே போய்விடும். படிக்கப் போகிறவளை ஊர் முன்னால் கையேந்த வைக்க நமக்கு என்ன உரிமை? பணத்தைக் கல்லூரிக் கணக்கிலேயே நேரடியாகக் கட்டிவிடலாம். கல்லூரி தரும் ரசீதில் அவள் பெயரை மறைத்து நகலெடுத்து, வரவு செலவுக் கணக்கோடு எட்டு புரவலர்களுக்கும் ஒரு வாரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். இன்னொரு நகலை மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.