அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டர்: தளர்ந்து கிடக்கும் ஸ்பிரிங்கை இறுக்காதீர்கள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தம்முடைய அம்பாசடர் மார்க் 2 வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டரை, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய நேரத்தில் தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் உறுப்பைச் செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்தார். மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயிண்ட் அமர்ந்த தட்டைக் கழற்றிப் பார்த்தபோது, அடியில் உள்ள இரண்டு ஸ்பிரிங்குகளில் தடித்ததன் கொக்கியை இடுக்கியால் நெரித்துக் குறுக்கியிருப்பது தெரிந்தது. “லூஸாகக் கிடந்தது ஐயா, இறுக்கிவிட்டேன்” என்றார். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதே இடத்தில்தான் தவறினேன். பிளக் ஒயர்களை 1-3-4-2 என்ற வரிசை பிசகிச் சொருகினால் வண்டியே உடனே காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுக்காத தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

தண்டில் ஆட்டம் இருக்கும்போது பாயிண்ட் மாற்றுவது

லூகாஸ் 25டி4 வகை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை ஒரு முனையில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், பாயிண்டைத் திறக்கும் கேமின் நான்கு முனைகளிலும் அளந்து பாருங்கள். முனைக்கு முனை அளவு மாறினால் பெரும்பாலும் தேய்ந்திருப்பது தண்டைத் தாங்கும் வளையமான புஷ்தான். எத்தனை புதுப் பாயிண்ட் போட்டாலும் அது சரியாகாது. புதிய வெண்கலப் புஷ்ஷை ஒரு நாள் முழுவதும் எண்ணெயில் ஊறவைத்த பிறகே அடித்து இறக்க வேண்டும்.

தடித்த ஸ்பிரிங்

இஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு ஒரு சுற்றுதான் சுற்றுகிறது. வேகம் கூடக் கூட அதிலுள்ள இரண்டு எடைகளும் வெளிப்புறமாக விரிந்து, கேமைச் சற்றே முன்தள்ளி, தீப்பொறியை முன்கூட்டியே வரச் செய்கின்றன. இதைத்தான் அட்வான்ஸ் என்கிறோம். அந்த விரிவை அளவோடு பிடித்து நிறுத்துபவை ஸ்பிரிங்குகள். மெல்லியது எப்போதும் விறைப்பாக இருந்து தொடக்க வேகத்தைக் கவனித்துக்கொள்கிறது. தடித்ததன் கொக்கி வேண்டுமென்றே நீளமாக வளைக்கப்பட்டிருப்பதால், இஞ்சின் நிற்கும்போது அது முளையில் தொளதொளவென்று கிடக்கும். எடைகள் ஓரளவு விரிந்த பிறகுதான் அது இழுபட்டு வேலைக்கு வரும். அந்தத் தளர்ச்சி தேய்மானம் அன்று.

நான் அதைத் தேய்மானம் என்று எண்ணி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான மெல்லிய ஸ்பிரிங்குகளைப் போட்டேன். ஊருக்குள் வண்டி முன்பைவிடத் துள்ளலாக ஓடியதால் உரிமையாளருக்கு மகிழ்ச்சி; எனக்கும்தான். பிறகு அவர் குடும்பத்தோடு ஏற்காடு சென்றார். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஏறும்போதெல்லாம் ‘கிணிகிணி’ என்று கேட்ட ஓசையை வால்வுகளின் டேப்பட் சத்தம் என்று எண்ணிவிட்டார். உயர்வேகத்தில் வர வேண்டிய அட்வான்ஸ் முழுவதும் பாதி வேகத்திலேயே வந்துவிட்டதால் பெட்ரோல் அகாலமாக வெடித்த ஓசை அது. பத்து நாளில் இஞ்சினின் காற்றுப்போக்கியான பிரீதர் குழாயில் புகை வந்தது. பிரித்துப் பார்த்தால் மூன்றாம் பிஸ்டனில் ரிங் அமரும் விளிம்பு உடைந்து, அந்தத் துண்டு சிலிண்டர் சுவரை மேலிருந்து கீழ்வரை கீறியிருந்தது. நான்கு சிலிண்டரையும் கடைந்து அகலப்படுத்தி ரீபோர் செய்ய வேண்டியதாயிற்று. விரல் நகத்தைவிடப் பெரிதல்லாத ஒரு கம்பிச்சுருளுக்காக ஒரு நல்ல இஞ்சின் பாழானதை இன்று நினைத்தாலும் மனம் பொறுக்கவில்லை.

இளைஞர் செய்தது இதற்கு நேர்மாறானது. தடித்த ஸ்பிரிங் தொடக்கத்திலேயே இழுத்துப் பிடித்தால் அட்வான்ஸ் தாமதமாகும். வண்டி இழுவையை இழந்து சூடேறும். கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டே மாதங்கள் கழிந்துவிடும்.

கழற்றாமலே ஒரு சோதனை செய்யலாம்: மூடிக்குள் தண்டின் உச்சியில் சுழலும் ரோட்டாரை அது சுழலும் திசையில் விரலால் திருகிவிட்டு விடுங்கள், அது தானாகவே சட்டென்று திரும்பி வர வேண்டும். பிறகு கார்புரேட்டர் பக்கத்திலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டைப் பிடித்தபடி வேகத்தைக் கூட்டினால் புல்லிக் குறி படிப்படியாக நகர வேண்டும். கேமின் அடித்தகட்டில் 12 என்று பொறித்திருந்தால் கிராங்கில் 24 பாகை வரை நகரும். அதற்கு மேல் நகரக் கூடாது.

எர்த் ஒயர்

பாயிண்ட் தட்டையும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலையும் இணைக்கும் சிறிய துணியுறை ஒயர், வேக்குவம் அந்தத் தட்டை அசைக்கும்போதெல்லாம் வளைந்து வளைந்து உறைக்குள்ளேயே அறுந்துபோகும். வெளியே முழுதாகத் தெரியும். விறைப்பான பிளாஸ்டிக் ஒயரை மாற்றாகப் போடாதீர்கள்.

கண்டன்சர்

பாயிண்ட் கருகாமல் காக்கும் சிறு உறுப்பு இது. நன்றாக வேலை செய்யும் பழையதைக் கழற்றாதீர்கள்.

எலக்ட்ரானிக் கிட் போட்டால் எல்லாம் தீரும் என்று நம்புவது

கிட் மாற்றுவது பாயிண்டையும் கண்டன்சரையும் மட்டுமே. எடைகளும் ஸ்பிரிங்குகளும் பழையபடியேதான் இருக்கும். தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் ஓம் அளவு கிட்டுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். இஞ்சின் ஓடாதபோது சாவியைப் போட்டபடி விட்டுவிட்டால் பல கிட்டுகள் சூடேறிக் கருகிவிடும்.

அந்த இளைஞர் கிட் வாங்கும் பணத்தோடு வந்திருந்தார். உடலில் அதே எண் பொறித்த பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றிலிருந்து தடித்த ஸ்பிரிங்கை எடுத்துப் போட்டு, எடைகளின் முளைகளில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடும் முன் அவரையே குனிந்து பார்க்கச் சொன்னேன். கொக்கி முளையில் தளர்ந்துதான் கிடந்தது.