கடை போனில் வாட்ஸ்அப் பிசினஸ்

ஒரே நம்பரில் சாதா வாட்ஸ்அப்பும் வாட்ஸ்அப் பிசினஸும் சேர்ந்து ஓடாது. புது சிம் வேண்டாமென்றால் கடை லேண்ட்லைனே போதும். நம்பரை உறுதிசெய்யும்போது எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் 'கால் மீ' அழுத்தி, போனில் சொல்லும் 6 இலக்க எண்ணைப் போடுங்கள்.

பலர் ஏமாறுவது, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டில்தான். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், சரி; ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்குத்தான் செய்தி போகும். தீபாவளி ஆஃபர் அனுப்பியும் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லையா? முதலில் இதைச் சந்தேகியுங்கள். பில் போடும்போதே “நம்பரை சேவ் பண்ணிக்கோங்கண்ணே” என்று சொல்லிவிடுவது நல்லது.

கல்லா கம்ப்யூட்டரில் இணைத்திருந்தாலும், மெயின் போனில் 14 நாள் வாட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால் இணைப்பு போய்விடும். வேலையாள் நின்றுவிட்டால் அன்றைக்கே 'லிங்க்டு டிவைசஸ்' போய் அவர் போனை லாக் அவுட் செய்யுங்கள்.