குவாரிக் கணக்கு கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் மலையை வெடிவைத்து உடைத்தாலும் சரி, பகாங்கில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவைத் தோண்டினாலும் சரி, நம் சங்கங்கள் முதலில் செய்வது ஒன்றுதான்: கையெழுத்து வேட்டை நடத்தி, மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயாவுக்கு மகஜர் அனுப்புவது. அங்கேயே கோட்டை விட்டுவிடுகிறோம். மலேசிய அரசமைப்பின்படி நிலமும் சுரங்க உரிமமும் மாநில அதிகாரம். எண்ணெயும் எரிவாயுவும்தான் 1974ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்தால் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் வசம் போயின. கருங்கல், மணல், செம்மண்ணுக்குத் தேசிய நிலச் சட்டத்தின்படி பெர்மிட். அதற்கான ஃபைல் இருப்பது நில அலுவலகத்தில்.

அடுத்தது, கேள்வி கேட்கும் விதம். அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெற வழிசெய்யும் பினாங்கின் தகவல் சுதந்திரச் சட்டம் 2015இல் அமலுக்கு வந்தது. சிலாங்கூரிலும் இப்படி ஒரு சட்டம் உண்டு. இரண்டும் அந்தந்த மாநில நிர்வாகத்தோடு சரி. அதைக் காட்டிப் பகாங் ஃபைலைக் கேட்க முடியாது. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் என்பதால் சிலாங்கூர் சட்டம் அங்கேயும் செல்லாது.

சட்டம் இருக்கும் இடத்திலும் “குவாரி பற்றிய எல்லா ஆவணங்களும் வேண்டும்” என்று எழுதினால், மறுப்பதற்கு நாமே வழி சொல்லிக் கொடுத்த மாதிரி. முக்கிம் (துணை மாவட்டம்), நிலத்தின் லாட் எண் போட்டு, “2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை எத்தனை கன மீட்டர் கருங்கல் எடுக்க அனுமதித்தீர்கள், எத்தனை கன மீட்டர் வெளியே போனது, எவ்வளவு ராயல்டி வசூலானது?” என்று மட்டும் கேளுங்கள். மூன்றே எண்கள். அனுமதித்ததைவிட வெளியே போனது அதிகமா என்பது பார்த்தவுடன் தெரியும். வசூலை அளவால் வகுத்து, மாநிலம் நிர்ணயித்த கட்டணத்தோடு ஒப்பிட்டால் மீதியும் தெரிந்துவிடும். அப்புறம் ஊர்க்காரர்கள் வாசலில் நின்று லாரி எண்ணி வைத்திருந்தால், அதற்கும் ஒரு மதிப்பு வரும்.

எண்களை ஒப்பிடும்போது அவசரம் கூடாது. பகாங்கின் கெபெங்கில் அரிய மண் (rare earth) தாது ஆலை நடத்தும் லைனாஸ் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம்; அதன் நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறது. நம் அரசுக் கணக்கு டிசம்பரில் முடிகிறது. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து “பணம் காணோம்” என்று அறிக்கை விட்டால், மறுநாளே அவமானப்பட வேண்டியதுதான். பாக்சைட்டில் ஈரத்தோடு நிறுத்த எடையும் உலர்ந்த எடையும் வேறு.

இன்னொரு தவறு, கண்காணிப்புக் குழுவில் ஒரு நாற்காலி கிடைத்ததும் அடங்கிப் போவது. எண்ணெய், எரிவாயு, கனிம வருமானக் கணக்கை வெளிப்படையாக்கும் இஐடிஐ (EITI) என்ற சர்வதேச ஏற்பாடு 2003இல் லண்டனில் கொள்கைகளை வகுத்தது. அரசு, நிறுவனங்கள், பொது அமைப்புகள் மூன்றும் ஒரே குழுவில் உட்கார வேண்டும். பொது அமைப்புகளின் பிரதிநிதிகளை அந்த அமைப்புகளே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அதன் விதி. பொது அமைப்புகளை நெருக்கியதற்காக இடைநீக்கம் செய்யப்பட்ட அசர்பைஜான், 2017இல் வெளியேறியே போனது. மலேசியா இதில் சேரவே இல்லை. ஆகவே அந்த விதியைக் காட்டி இங்கே யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் மாநில அரசு ஒரு குழு அமைத்தால், “எங்கள் ஆளை நாங்கள் சொல்கிறோம்” என்று கேட்க எந்தத் தடையும் இல்லை. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குக் குவாரி முதலாளியிடம் நன்கொடை வாங்கிய தலைவரை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். பொன்னாடை போர்த்தியவரிடம் கணக்கு கேட்க யாருக்கு வாய் வரும்?

கடைசியாக, எடைமேடையில் வேலை செய்யும் ஒரு தம்பி ரசீது நகலோடு உங்களிடம் வந்தால், அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 2010ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், எஸ்பிஆர்எம் (ஊழல் தடுப்பு ஆணையம்) போன்ற அமலாக்க நிறுவனத்திடம் சொல்பவருக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது; ஃபேஸ்புக்கில் போடுபவருக்கு இல்லை. முதலில் அவரை ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துப் போங்கள், அங்கிருந்து எஸ்பிஆர்எம் அலுவலகத்துக்கு. நீங்கள் பத்திரிகையாளர் கூட்டம் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.