தாய்லாந்துக்கு ஆட்கள் கூட்டிப் போகும் தம்பிமாருக்கு: மிருகங்கள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் பேங்கொக், பட்டாயாவுக்கு குரூப் சேர்க்கும் இளைஞர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் அவர்களின் பயணத் திட்டத்தில் சில வரிகளைப் பார்த்தால் மனம் உறுத்துகிறது. பாஸ்போர்ட், காசு மாற்றுவது பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. மிருகங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

புலியோடு படம்

வேண்டாம். பிக்குமார் நடத்துகிறார்கள் என்று நம்பித்தான் காஞ்சனபுரி புலிக் கோயிலுக்கு உலகமே போனது. 2016இல் அதிகாரிகள் உள்ளே நுழைந்தபோது குளிர்பெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடந்தன.

"சவாரி இல்லையே, குளிப்பாட்டுவதுதானே?"

எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான். யானைச் சவாரி கொடுமை என்று இப்போது பலருக்கும் தெரியும். அதனால் பல முகாம்களில் முதுகு இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு, சேறு பூசி ஆற்றில் குளிப்பாட்டும் பேக்கேஜ் விற்கிறார்கள். நம் தம்பிமாரும் நிம்மதியாக அட்வான்ஸ் கட்டிவிடுகிறார்கள். அந்தக் காசு பெரும்பாலும் திரும்பி வராது.

முன்பின் தெரியாத ஒரு கூட்டம் சுற்றி நின்று வாளி வாளியாக ஊற்றும்போது அவ்வளவு பெரிய மிருகம் ஏன் அசையாமல் நிற்கிறது? குட்டியிலேயே தாயிடமிருந்து பிரித்து, திரும்பக்கூட இடமில்லாத மரக்கூண்டில் கட்டி, அடித்து, பட்டினி போட்டுப் பணியவைக்கும் வழக்கம் ஒன்று அங்கே உண்டு, பஜான் என்பார்கள். முதுகில் ஆள் ஏறினாலும் சரி, தண்ணீர் ஊற்றினாலும் சரி, யானை நிற்பது அந்தப் பயத்தில்தான்.

தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பிக்குத் துணையாக அப்படி ஒரு முகாமுக்குப் போயிருந்தேன். பாகன் கையில் அங்குசம் இல்லை என்று எங்கள் ஆட்களுக்குச் சந்தோஷம். கிட்டப் போய்ப் பார்த்தால் விரல் இடுக்கில் ஓர் ஆணி. யானை ஓரடி விலகினால் அந்தக் கை காதுக்குப் பின்னால் போகும். அங்கே தோலில் பொட்டுப் பொட்டாகத் தழும்பு. கொட்டகையில் சங்கிலியில் நின்ற இன்னொரு யானை தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருந்தது. "பாட்டுக்கு ஆடுது பாருங்க" என்று பொகவந்தலாவை அக்கா ஒருவர் வீடியோ எடுத்தார். கட்டியே கிடக்கும் யானை மன உளைச்சலில் அப்படித்தான் ஆடும் என்று சொன்னேன். போனை உடனே உள்ளே வைத்துவிட்டு அந்தத் தம்பியிடம், "அப்ப எதுக்கு எங்ககிட்ட காசு வாங்கி இங்க கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். அவரிடம் பதில் இல்லை.

ஆபத்தும் இருக்கிறது. 2025 ஜனவரியில் கோ யாவ் தீவில் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் மாணவி அதே யானை தாக்கி இறந்தார்.

நம் நாட்டிலேயே வித்தியாசத்தைப் பார்க்கலாம். கண்டி வீதியில் போகிறவர்களுக்குத் தெரிந்த பின்னவல, 1975இல் அநாதைக் குட்டிகளுக்காகத் தொடங்கியது. இன்று அங்கேயே பிறந்து அங்கேயே வளரும் யானைகள் நிறைய. 1995இல் தொடங்கிய உடவளவை இல்லத்தில் பால் ஊட்டுவதைத் தூரத்தில் நின்றுதான் பார்க்கலாம். குட்டிகள் வளர்ந்ததும் காட்டுக்கே போகின்றன. ஆகவே முகாம்காரரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: "எங்கள் ஆட்கள் யானையைத் தொடலாமா?" தாராளமாகத் தொடலாம் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

தேவாங்கோடு செல்ஃபி

புக்கெட் கடற்கரையில் கையில் தருவார்கள். கடித்தால் விஷம் என்பதால் பல்லை வெட்டியிருப்பார்கள். ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கைப் போல அதுவும் இரவுப் பிராணி. ஃபிளாஷ் வெளிச்சம் அதற்குச் சித்திரவதை.

தந்தம், புலிநகம்

வாங்க விடாதீர்கள். சுங்கத்தில் பிடிபட்டால் வழக்குதான்.

அட்வான்ஸ் கட்டியாயிற்றே!

போனால் போகட்டும். அந்த நாளைக் காவோ யாய் தேசியப் பூங்காவுக்கு மாற்றுங்கள். பேங்கொக்கிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டம். கிப்பன் குரங்கு, இருவாச்சி, காட்டு யானை எல்லாம் அங்கே சுதந்திரமாகத் திரிகின்றன. யானை கண்ணில் படாமலும் போகலாம். அதைக் காசு வாங்கும்போதே ஆட்களிடம் சொல்லிவிடுங்கள்.