செவ்வந்திக்கல்: தோண்டுவது அரை நாள், கழுவுவது அரை மாதம்

கனடாவின் தண்டர் பே நகரையொட்டிய மலைப்பகுதியில், நாமே தோண்டி எடுத்து எடை போட்டுக் காசு கொடுக்கும் செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்) சுரங்கங்கள் இருக்கின்றன. இந்த ஊதாப் படிகத்தைத்தான் ஒன்டாரியோ மாகாணம் 1975இல் தன் அடையாளக் கனிமமாக அறிவித்தது. போன கோடையில் ஒரு வாளி நிறைய அள்ளிவந்தேன். நல்ல கற்களில் மூன்றை வீட்டில் நானே கெடுத்தேன். அந்த அனுபவம்தான் இந்தப் பதிவு.

முதலில் பொறுக்குதல். குழியில் எல்லாக் கல்லும் களிமண் பூசிய உருளைக்கிழங்கு போலவே இருக்கும். ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஊற்றிப் பார்த்து எடுங்கள். சுத்தியலைத் தொடாதீர்கள்; கூர்முனைதான் முதலில் உடையும். அடியில் ஒட்டியிருக்கும் வெறும் பாறைக்கும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள் என்பதால் பெரிய கல்லுக்கு ஆசைப்படவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். இடுக்குகளுக்கு மூங்கில் குச்சி போதும். நான் தையல் ஊசியால் குடைந்தேன். படிகம் இரும்பைவிடக் கடினமானது, கீறல் விழாது. ஆனால் ஊசிதான் தேய்ந்து சாம்பல் நிறக் கோடாகக் கல்லில் ஒட்டிக்கொள்ளும். முதல் கல் அப்படிப் போயிற்று.

இனி நான் சறுக்கிய இடம். களிமண் போன பிறகும் பல கற்களில் செம்பழுப்பு நிறம் மிஞ்சியிருந்தது. துருக்கறை என்று எண்ணி எல்லாவற்றையும் துருவைக் கரைக்கும் ஆக்சாலிக் அமிலத்தில் போட்டேன். ஒரு வாரமாகியும் ஒரு கல் மட்டும் அசையவே இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால், பளபளக்கும் முகத்துக்கு அடியில் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள்! அது ஹேமடைட் என்னும் சிவப்பு இரும்புக் கனிமம், படிகம் வளரும்போதே உள்ளே சிக்கிக்கொண்டது. எந்த அமிலமும் அங்கே எட்டாது. அந்தச் சிவப்புக்காகவே இவ்வூர்க் கற்களைத் தேடி வாங்குபவர்கள் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே அமிலத்துக்கு முன் பாருங்கள்: மேலே திட்டுத்திட்டாக, இடுக்குகளில் தடித்து, மங்கலாக இருந்தால் கறை. மேற்பரப்பு கண்ணாடிபோல் மின்னி, சிவப்பு உள்ளே தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

கறைதான் என்றால், மரச்சாமான் வெளுக்கும் பொடியாக ஹார்டுவேர் கடையில் ஆக்சாலிக் அமிலம் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 50 கிராம். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில், வீட்டுக்கு வெளியே வைத்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து கரையுங்கள். இது விஷம், பொடியை முகர வேண்டாம், சூடாக்கவும் வேண்டாம், குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் கறை கரைந்து நீர் மஞ்சளாகும். பிறகு நல்ல தண்ணீரில், தினமும் மாற்றி, குறைந்தது அமிலத்தில் கிடந்த அத்தனை நாள் ஊறவிட வேண்டும். நான் அவசரப்பட்டு ஒரே நாளில் எடுத்துவிட்டேன்; இரண்டாவது கல்லில் மஞ்சள் படலம் இன்னும் இருக்கிறது. மிச்ச அமிலத்தில் நுரை அடங்கும்வரை சமையல் சோடா போடுங்கள்.

மூன்றாவது கல்லை ஜன்னல் திண்டில் காயவைத்து, அழகாக இருக்கிறதே என்று அங்கேயே விட்டுவிட்டேன். இந்த ஊதா, படிகத்துக்குள் இருக்கும் துளி இரும்பின்மீது பாறையின் இயற்கைக் கதிரியக்கம் பட்டு உண்டான நிறம். வெயில் அதை மெல்ல அழிக்கும். நிழலில் காயவையுங்கள், நிழலிலேயே வையுங்கள்.

பின்சேர்க்கை: கற்கள்மேல் வெள்ளைப் பூச்சு படிகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். குழாய்த் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு அமிலத்தோடு சேர்ந்த வினை அது. காய்ச்சி வடித்த நீரில்தான் அமிலப் பொடியைக் கரைக்க வேண்டும். கல்லில் ஒட்டியுள்ள வெள்ளைக் கனிமம்மீது ஒரு சொட்டு வினிகர் விட்டு, பொங்கினால் அது கால்சைட், அமிலம் அரிக்கும் சுண்ணாம்புக் கனிமம். அந்தக் கல்லுக்குப் பிரஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.